டிரைவர் எங்கே படுத்தார்?

“ராஜா மாதிரி ஃபீல் பண்ண வெச்சாங்க.”

செட்டிநாட்டுப் பழைய வீடுகளை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள் அல்லவா, அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு வருகிறவர்கள் எழுதுவதில் இந்த வரிக்குத் தப்பவே முடியாது. ரிவ்யூ என்றாலும், ரீல் என்றாலும், பயணக் கட்டுரை என்றாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். கொஞ்சம் வாசிப்பவர் என்றால் ‘காலத்தில் பின்னோக்கிப் போனேன்’ என்று சேர்த்துக்கொள்வார். நிறைய வாசிப்பவர் என்றால் ‘தமிழரின் விருந்தோம்பல்’ என்று முடிப்பார். வேறு யாரும் இல்லை, நம்ம ஆட்கள்தான். புத்தகக் கண்காட்சியில் கைகொள்ளாத பையோடு திரிகிற, அதிகாரம், விளிம்பு, உழைப்பு என்றெல்லாம் அழகாகப் பேசுகிற அதே நண்பர்கள்தான் லீவுக்குக் கிளம்பினால் ராஜாவாகிவிடுகிறார்கள்.

எனக்கு ஹோட்டல்களோடு சண்டை இல்லை. இந்த வரியோடுதான் சண்டை. இதில் ஒன்றல்ல, மூன்று பொய் இருக்கிறது. ஒன்று வீட்டைப் பற்றியது, ஒன்று சொகுசைப் பற்றியது, ஒன்று அங்கே வேலை செய்கிற மனிதரைப் பற்றியது. மூன்றாவதுதான் மோசமானது. அதற்குப் போவதற்கு முன்னால் மற்ற இரண்டையும் பார்த்துவிடுவோம்.

*

முதலில் ராஜா.

‘ராஜா’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டிய ஒரு மாவட்டம் தமிழ்நாட்டில் உண்டென்றால் அது புதுக்கோட்டை. அங்கே நிஜமாகவே ராஜா இருந்தார். தொண்டைமான்களின் சமஸ்தானம் வெள்ளைக்காரன் போன பிறகும் ஆறேழு மாதம் தனியாக இருந்து, 1948 மார்ச் 3 அன்றுதான் இந்தியாவோடு சேர்ந்தது. 1974இல் அது தனி மாவட்டம் ஆனது. அந்த ராஜாவின் அரண்மனைதான் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பட்டா மாறவில்லை என்று ஒருவர், முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு என்று ஒரு பாட்டி, தண்ணீர் வரவில்லை என்று ஒரு தெருவே கூட்டமாக, கையில் மனுவோடு அந்த வாசலில் நிற்பார்கள். ராஜா வீட்டுக்குள் போக இந்த மாவட்டத்தில் வாடகை கிடையாது. ஒரு வெள்ளைத் தாளும் ஒரு குறையும் இருந்தால் போதும்.

நீங்கள் வாடகை கொடுத்துத் தங்கியது ராஜா வீடு அல்ல. வியாபாரி வீடு. செட்டிநாடு என்றதும் காரைக்குடி, கானாடுகாத்தான் என்று சிவகங்கை மாவட்டமே நினைவுக்கு வருகிறது. ஆனால் ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, கடியாபட்டி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிற நகரத்தார் ஊர்கள். திருமயத்துக்குப் பக்கத்தில் கடியாபட்டியில், நூறு வருஷம் தாண்டிய சிதம்பர விலாஸ் இன்று ஹோட்டலாக நடக்கிறது. நல்லபடியாகப் பராமரிக்கப்படும் வீடு. இந்த வீடுகளை ‘பேலஸ்’ என்று கூப்பிடுவது கட்டியவர்களுக்குக் கௌரவம் சேர்ப்பது மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது அவர்களை மறைக்கிறது. அவர்கள் அரசாண்டவர்கள் இல்லை. வட்டிக்குக் கொடுத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், கப்பலேறிப் போனவர்கள்.

எங்கே போனார்கள்? பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை, சைகோன். அங்கே எப்படி இருந்தார்கள் என்பதுதான் விசேஷம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ‘கிட்டங்கி’ என்று ஓர் இடம் உண்டு. நீளமான ஒரு கூடம். அதில் ஒவ்வொரு கடைக்காரருக்கும் கொஞ்சம் தரை, ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் அங்கேயே உட்கார்ந்து வட்டிக் கணக்கு, ராத்திரி அங்கேயே பாயை விரித்துத் தூக்கம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையல்காரர். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் கப்பல். சின்ன வயதிலேயே ‘பெட்டியடிப் பையன்’ ஆகப் போய்ச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு முதலாளியானவர்கள் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவுக்குக் காசு அனுப்பிய மனிதர், அந்த ஆயுளில் பெரும்பகுதியைத் தரையில் பாய் போட்டுத்தான் கழித்தார்.

அந்தக் காசின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாழ்ந்த பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1937இல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் உழுது வாங்கிய நிலம் இல்லை அது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் திருப்ப முடியவில்லை, நிலம் கைமாறியது. நிலம் வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியதில்லை, ரொக்கம் வராததால் வந்து சேர்ந்தது என்றுதான் செட்டியார்கள் தரப்பில் சொன்னார்கள். அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் பர்மிய விவசாயிக்கு அது பறிகொடுத்த நிலம். 1942இல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அந்தக் கதை முடிந்த இடத்தில்தான் இந்த வீடுகள் பூட்டப்படத் தொடங்கின. நீங்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்ட தேக்குத் தூணில் இத்தனையும் இருக்கிறது. ‘ராயல்’ என்ற ஒரு சொல்லால் அதை மூடுகிறவர் காலத்தில் பின்னோக்கிப் போகவில்லை. காலத்தை மூடி வைத்துவிட்டு ஏசியைப் போட்டிருக்கிறார்.

*

இரண்டாவது, சொகுசு.

‘ரூம் சின்னதா இருந்துச்சு, ஜன்னல் பத்தலை’ என்று நிறையப் பேர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அத்தனை பெரிய வீட்டில் அறை மட்டும் ஏன் சின்னதாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நகரத்தார் வீடு அப்படித்தான் கட்டப்பட்டது. திண்ணை, முகப்பு, அதைத் தாண்டி வானம் பார்த்த வளவு, பிறகு இரண்டாம் கட்டு, அடுப்படி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’. அந்தப் புள்ளியின் சாமான், சீர், பாத்திரம், பண்டம் எல்லாம் அந்த அறைக்குள். தூங்குவதும் பேசுவதும் பெரும்பாலும் வெளியே. வீட்டின் பிரம்மாண்டம் தினசரிச் சுகத்துக்காக வந்ததில்லை. கல்யாணம், சாந்தி, படைப்பு, சாவு என்று ஊரே திரள்கிற நாளுக்காகக் கட்டியது. மற்ற நாட்களில் அங்கே இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் வேலையாட்களும். கணவன் ரங்கூனில். இத்தனை தூண்களுக்கு நடுவே மூன்று மூன்று வருஷமாகக் காத்திருந்த பெண்களின் வீட்டைத்தான் ‘ரொமான்டிக் கெட்அவே’ என்று விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

சாமான் அறைக்கு உள்ளேயே குளியலறை கட்டி, வெந்நீர் கொண்டுவந்து, இரண்டு பேர் நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி ஆக்கியிருப்பது இன்றைய கொத்தனாரும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் செய்த காரியம். பாராட்ட வேண்டும் என்றால் அதைப் பாராட்டுங்கள். ‘அந்தக் காலத்துச் சொகுசு’ என்று ஒன்று அங்கே இல்லை.

சொகுசுக்கும் இந்த மாவட்டத்துக்கும் உள்ள உறவு கொஞ்சம் வேடிக்கையானது. சித்தன்னவாசலுக்கு எல்லாரும் ஓவியம் பார்க்கத்தான் போகிறார்கள். அதே மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. பாறையில் இழைத்து வழவழப்பாக்கிய 17 படுக்கைகள், தலைப்பக்கம் தலையணை மாதிரிச் சற்றே மேடு. சமண முனிவர்களுக்கான படுக்கை. அவற்றில் ஒன்றையொட்டி இரண்டாயிரம் வருஷப் பழைய தமிழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்ற துறவிக்குச் சிறுபோசில் இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். எருமை நாடு என்றால் மைசூர்ப் பக்கம். எங்கிருந்தோ வந்த ஒரு வேற்றூர்க்காரருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த மாவட்டத்தில் எழுத்தில் பதிவான மிகப் பழைய உபசரிப்பு அனேகமாக அதுதான். அந்தக் கல்வெட்டில் படுத்தவர் பெயரும் இருக்கிறது, படுக்கை செய்து கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. ‘அங்கே படுத்தபோது ராஜா மாதிரி இருந்தது’ என்று இல்லை.

ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் இன்னும் ஒரு படி மேலே. புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும்தான் அவருக்குப் படையல். அதிலும் சுடுசோற்றின் ஆவிதான் நைவேத்தியம். ஆவியில் பசியாறுகிற சாமி இருக்கிற மாவட்டத்துக்கு வந்துதான், காலைப் பணியாரம் பத்து நிமிஷம் தாமதம் என்று நாம் ஒரு ஸ்டாரைக் குறைக்கிறோம்.

*

ஸ்டார் என்றதும் மூன்றாவது பொய்க்கு வந்துவிட்டோம்.

அந்தப் பக்கத்தில், பெயர் இங்கே தேவைப்படாத ஒரு பாரம்பரிய ஹோட்டலில், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் பணியாரமும் துவையலும் வைத்த தம்பிக்கு இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். எல்லாம் முடிந்து கை கழுவி வந்ததும் மெதுவாகச் சொன்னான்.

“அண்ணே, ஆன்லைன்ல ரெண்டு வரி போட்டு விட்ருங்கண்ணே. எம்பேரையும் சேத்துப் போடுங்கண்ணே.”

“பேரு எதுக்குத் தம்பி?”

“பேரு வந்தா மாசக் கடைசியில கணக்குல வரும்ணே.”

“ஸ்டார் குறைஞ்சா?”

“அதுவும் கணக்குல வரும்ணே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பும் அந்தக் கணக்கில் வருகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அந்த ஒரு ஹோட்டலின் கதை மட்டும் அல்ல இது. உங்கள் மொபைலில் ஏதாவது ஒரு ஹோட்டலின் ரிவ்யூக்களைத் திறந்து பாருங்கள். ‘மிஸ்டர் இன்னார் ரொம்ப ஹம்பிள்’, ‘இன்ன அக்கா எப்பவும் சிரிச்ச முகம்’ என்று பெயர் பெயராக வருவது நன்றியுணர்ச்சி பெருகியதால் மட்டும் அல்ல. மேற்பார்வை செய்கிற வேலையை முதலாளி நமக்குத் தள்ளிவிட்டார். சம்பளம் இல்லாத சூப்பர்வைசராக நாம் ஓர் இரவு வேலை பார்த்துவிட்டு, அதற்கு வாடகையும் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்த வேலையை எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறோம் என்பதுதான் எனக்குக் கூசுகிறது.

நாம் என்ன எழுதுகிறோம் என்று பாருங்கள். ‘பணிவு’. ‘அடக்கம்’. ‘கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார்கள்’. ‘முகம் சுளிக்கவே இல்லை’. உங்கள் பல் டாக்டரைப் பற்றி இப்படி எழுதுவீர்களா? வங்கி மேனேஜரை? உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரைச் சந்தித்துவிட்டு வந்து ‘கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார்’ என்று பதிவு போடுவீர்களா? வேலை தெரிந்தவர் என்று சிலரைச் சொல்கிறோம், பணிவானவர் என்று சிலரைச் சொல்கிறோம். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

1983இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கை செய்கிற வேலைக்கு மேல் முகமும் மனசும் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, கம்பெனி அதையும் சேர்த்தே வாங்குகிறது என்பது அவர் வாதம். உள்ளே எப்படி இருந்தாலும் வெளியே சிரிக்க வேண்டும், அதுவும் நிஜமாகச் சிரிப்பது மாதிரி. அதுவும் உழைப்புதான். சிரிப்புக்கு மார்க் போடுகிறவர் அந்த உழைப்பை அங்கீகரிக்கவில்லை. கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்.

‘ராஜா மாதிரி’ என்பதன் உள்ளடக்கம் இதுதான். மெத்தையும் ஏசியும் யாரையும் ராஜாவாக்காது. எதிரே ஒருவர் குனிந்தால்தான் ராஜா. ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்கியது குனிவை. அதை ‘அனுபவம்’ என்று பெயர் மாற்றி எழுதுகிறீர்கள்.

*

‘அதெப்படி, விருந்தோம்பல் நம்ம பண்பாடு இல்லையா?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. புதிதாக வந்தவர், யாரென்று தெரியாதவர், அவர்தான் விருந்து. குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே அனிச்சப்பூ வருவது விருந்தாளியின் முகத்துக்கு உவமையாக. வாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருக்கு. சரிதான். ஆனால் அந்த வீட்டுக்காரர் தன் வீட்டில், தன் இஷ்டத்தில், தன் சோற்றைப் போடுகிறார். மாசச் சம்பளத்துக்கு வேறொருவர் வீட்டில் நிற்கிற இருபது வயதுப் பையனிடம் அந்தக் குறளை வாடகை ரசீதோடு நீட்டக் கூடாது. அவன் செய்வது வேலை. நல்ல வேலை, திறமை வேண்டிய வேலை. அதற்குச் சேவை என்றே பெயர் சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. பண்பாடு என்று நாம் மார்தட்டுகிற அந்த விருந்தோம்பல் யாருக்குக் கிடைத்தது? இந்த மாவட்டத்தில் டம்ளர் என்பது சாதாரணப் பொருள் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சமூகத்தினரின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வந்தது. விசாரிக்கப் போன அன்றைய கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள். அங்கே அய்யனார் கோவிலுக்குள் விடுவதில்லை என்று மக்கள் சொல்ல, அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நடந்தது 1922 இல்லை, 2022. நீங்கள் காரில் இறங்கியதும் பித்தளை டம்ளரில் பானகம் கொடுத்து வரவேற்கிறார்களே, அதே மாவட்டத்தில்தான் டீ குடிக்க இன்னொருவருக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள்.

இங்கேதான் ஹோட்டலுக்காக நான் வாதாடப் போகிறேன். ‘பாரம்பரியம் மாறாமல்’ என்று அந்த ஹோட்டல்கள் விளம்பரம் செய்கின்றன. நல்ல வேளையாக அது பொய். பாரம்பரியம் மாறாமல் இருந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் திண்ணையோடு நின்றிருப்போம். சிலருக்குத் திண்ணையும் கிடைத்திருக்காது, பின்வாசல்தான். இன்றைக்கு ரிசப்ஷனில் ஆதார் அட்டையைக் காட்டினால் போதும், ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று யாரும் கேட்பதில்லை. வளவின் நடுவில் யார் வேண்டுமானாலும் நாற்காலி போட்டு உட்காரலாம். காசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது.

காசு மட்டும் செய்யவில்லை, சட்டமும் செய்தது. ஹோட்டல் என்ற சொல் இந்திய அரசியலமைப்பில் இருக்கிறது. 15ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாகக் கடைக்குள், உணவகத்துக்குள், ஹோட்டலுக்குள் நுழைய யாருக்கும் தடை போடக் கூடாது. அதே மூச்சில் கிணறும் குளமும் சாலையும் வருகின்றன. தங்குவதும் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் ஒரே உரிமையின் பகுதிகள் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதி வைத்த பிறகும் போராட வேண்டியிருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்பது சும்மா சாப்பிடுகிற இடமாக ஆகிவிடவில்லை. சண்டை போட்டுச் சமமாக்கிய இடம் அது.

அப்படிப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ‘ராஜா மாதிரி இருந்தது’ என்று எழுதினால் என்ன அர்த்தம்? எந்த ஏற்றத்தாழ்வை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தோமோ அதையே ஓர் இரவுக்கு வாடகைக்குக் கேட்கிறோம் என்று அர்த்தம். வளவுக்குள் வந்ததைக் கொண்டாட வேண்டியவர்கள், பழைய எஜமானின் நாற்காலியில் உட்கார்ந்ததைக் கொண்டாடுகிறார்கள்.

*

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

‘காசு கொடுக்கிறேன், குறை சொல்லக் கூடாதா?’ தாராளமாகச் சொல்லுங்கள். வெந்நீர் வரவில்லை, கொசு கடித்தது, பில்லில் கணக்கு தப்பு, விலை அநியாயம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அது முதலாளிக்குச் சொல்வது. ‘இன்னார் முகத்தில் சிரிப்பு இல்லை’ என்பது முதலாளிக்குச் சொல்வது மாதிரித் தெரியும், விழுவது அந்த இன்னார் தலையில். அன்றைக்கு அவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ.

‘இந்த மாதிரி எழுதி டூரிஸத்தைக் கெடுக்காதே, வேலைவாய்ப்பு போய்விடும்.’ நான் போகாதே என்று சொல்லவில்லை, போங்கள் என்கிறேன். இந்த வீடுகள் ஹோட்டல் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் தெரியும். நிலைக்கதவு, தூண், ரவிவர்மா படம், எனாமல் பாத்திரம் என்று வீடு வீடாகப் பிரித்து அடுக்கியிருக்கும். அதைவிட ஹோட்டல் ஆயிரம் மடங்கு மேல். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இன்னும் கூட்டம் வரும், வரட்டும். வேலைவாய்ப்பு என்று பேசினால், என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், எங்கே தங்குகிறார்கள் என்றும் பேச வேண்டும். பேச்சு ‘வாய்ப்பு’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

‘வருஷத்துக்கு ஒருநாள் சந்தோஷமா இருந்துட்டு வர்றேன். அதுலயும் அரசியலா?’ உட்காருவதே அரசியலாக இருந்த ஊர் இது. துணிக்கடை, நகைக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கும் பெண்கள் உட்காருவதற்கு நாற்காலி போட வேண்டும் என்று சொல்ல 2021இல் தமிழ்நாடு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சாப்பிட்டபோது உங்களுக்குப் பரிமாறியவர் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார் என்று பார்த்தீர்களா? சந்தோஷமாக இருங்கள். கண்ணைத் திறந்துகொண்டு இருங்கள் என்பதுதான் விண்ணப்பம்.

டிப்ஸ் பற்றியும் இதே குழப்பம். ஹோட்டல்கள் பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025இல் டெல்லி உயர்நீதிமன்றம் அது சரி என்றது. நுகர்வோராக நானும் சரி என்கிறேன். ஆனால் அன்றைக்கு வெற்றிப் பதிவு போட்டவர்களில் எத்தனை பேர், பில்லில் மிச்சமானதைப் பரிமாறியவர் கையில் கொடுத்தார்கள்? கட்டாயமாக வாங்காதே என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சம்பளத்தை ஒழுங்காகக் கொடு என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த வெற்றிக்குக் கொஞ்சம் அழகு வந்திருக்கும்.

*

கடைசியாக ஒன்று. அந்தக் கடியாபட்டிக்கும் கோனாபட்டுக்கும் நீங்கள் எப்படிப் போனீர்கள்? திருச்சியிலோ மதுரையிலோ இறங்கி வாடகைக் கார் பிடித்திருப்பீர்கள். ஓட்டி வந்தவர் ராத்திரி எங்கே படுத்தார்?

பெரும்பாலும் காரிலேயே. சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கொசுவோடு. காலையில் பெட்ரோல் பங்க் கழிப்பறை. அதன் பிறகு உங்களைச் சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலைக்கும் கூட்டிக்கொண்டு போவார். உங்கள் உயிர் அவர் தூக்கத்தில் இருக்கிறது. இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளையே திருத்தியது. ஹோட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினர்களின் கார் ஓட்டுநர்களுக்குப் படுக்க இடமும் கழிப்பறை, குளியலறையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியது. விதி காகிதத்தில் வந்துவிட்டது. கட்டிலாக வந்ததா என்று பார்க்க வேண்டியது யார்? நாம்தான் ஓசி சூப்பர்வைசர்கள் ஆயிற்றே. அந்தச் சூப்பர்வைசர் வேலையைக் கொஞ்சம் உருப்படியாகப் பார்ப்போம்.

புக் செய்கிறபோதே கேளுங்கள்: டிரைவருக்கு இடம் இருக்கிறதா? ஃபேன் இருக்கிறதா? அவருக்குச் சாப்பாடு எங்கே? போன பிறகு ஒரு நடை நடந்து பாருங்கள். ரிவ்யூவில் மெத்தையைப் பற்றி எழுதுகிற இடத்தில் அதையும் ஒரு வரி எழுதுங்கள். ‘டிரைவர் தங்கும் அறை சுத்தமாக இருந்தது’ என்று நூறு பேர் எழுதினால், அறை இல்லாத ஹோட்டல் அறை கட்டும். ‘பணியாளர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன்’ என்று நூறு பேர் எழுதினால், நிற்க வைக்கிறவர் யோசிப்பார். ஸ்டாருக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்றால் அது ஒரு பையனின் முகத்தைக் கண்காணிக்க மட்டும்தானா பயன்பட வேண்டும்?

அந்த வீடுகளின் முன்புறம் நீளமான திண்ணை இருக்கிறதே, அது படம் எடுப்பதற்காகக் கட்டியதில்லை. வழிப்போக்கர்கள் வெயிலுக்கு ஒதுங்கவும் ராத்திரி தலை சாய்க்கவும் கட்டியது. அதிலும் ஆள் பார்த்துத்தான் இடம் கொடுத்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனாலும் வருகிறவர் யாரோ ஒருவர் படுப்பார் என்ற நினைப்பு அந்தக் கட்டடத்திலேயே இருந்தது. அந்தத் திண்ணைக்கு முப்பதடி தள்ளி, பூட்டிய கேட்டுக்கு வெளியே, ஒருவர் காருக்குள் முடங்கிக் கிடக்கும்போது உள்ளே இருப்பவர் ‘தமிழரின் விருந்தோம்பல்’ என்று டைப் செய்தால், அந்தத் திண்ணைக்கே பொறுக்காது.

அடுத்த தடவை எழுத உட்காரும்போது, உங்களுக்கு எப்படி இருந்தது என்பது இரண்டாவது பத்தியில் வரட்டும். முதல் பத்தியில் அவர் எங்கே படுத்தார் என்று எழுதுங்கள்.